சாவுச் செய்தியை ஆள் வந்து சொல்லட்டும்: தோட்டத்துக் கோயில் சபைகளுக்கும் மரண உதவிச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் ஆலய பரிபாலன சபைகளையும் மரண உதவிச் சங்கங்களையும் பொறுப்பெடுத்து நடத்தும் பெரியவர்களுக்கும், அந்தச் சபைகளில் இன்னும் இடம் கிடைக்காத தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

திருவிழாக் கூட்டங்கள் தொடங்கிவிட்டன. எந்தத் தோட்டத்துக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாலும், வரவு செலவு வாசித்து முடிந்ததும் பேச்சு ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. முன்பிருந்த ஒற்றுமை போய்விட்டது. முகநூலும் டிக்டொக்கும் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டன. கோயில் வளவுக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவரவே கூடாது என்று தீர்மானம் போடலாமா என்றுகூடச் சில இடங்களில் பேசுகிறார்கள்.

உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். பாடசாலையில் படிப்பிப்பவள் நான். நடுச்சாமம் தாண்டியும் திரையைப் பார்த்துவிட்டு, முதலாம் பாடத்திலேயே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்புகிறவள். பக்கத்தில் இருப்பவளிடம் பேச வாய் வராமல், அதே பிள்ளைக்கு இரவில் நீள நீளமாகக் குரல்பதிவு அனுப்பும் மாணவிகளையும் எனக்குத் தெரியும். ஆகவே சமூக ஊடகத்தால் ஒரு கெடுதலும் இல்லை என்று வாதாட நான் இந்த மடலை எழுதவில்லை. குற்றத்தைப் பிள்ளைகளின் தலையில் இறக்கிவைப்பதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் தோட்டத்தில் கடைசியாக ஒருவர் இறந்தபோது, அந்தச் செய்தி லயங்களுக்கு, நம் வரிசை வீடுகளுக்கு, எப்படிப் போய்ச் சேர்ந்தது?

முன்பெல்லாம் ஆள் போகும். மேல் பிரிவுக்கு ஒருவர், பணிய லயத்துக்கு ஒருவர், ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் சொந்தங்களுக்கு ஒருவர். போனவர் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று, இன்னார் தவறிவிட்டார், நாளைக்கு இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லுவார். கேட்டவர்கள் அப்படியே விடமாட்டார்கள். எப்படி நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், கொழும்பில் இருக்கிற மகனுக்குச் சொல்லியாயிற்றா, சின்னப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்பார்கள். அந்த நாலு கேள்விக்குள் பாதி வேலை முடிந்துவிடும். குழி வெட்ட யார் போவது, தேத்தண்ணி ஊற்ற யார் நிற்பது, தப்பு மேளம் அடிக்க யாரைக் கூப்பிடுவது, வெளிக்கள உத்தியோகத்தர் ஐயாவிடம் யார் போய்ச் சொல்வது என்பதெல்லாம் இஸ்தோப்பிலேயே தீர்மானமாகிவிடும். யாரும் கூட்டம் போட்டு இதை நடத்தவில்லை.

இப்போது வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வருகிறது. இறந்தவரின் அடையாள அட்டைப் படத்தைச் சுற்றி பூ, கீழே ஒரு விளக்கு, அடக்கம் நடக்கும் நேரம். அதன்கீழ் கைகூப்பிய அடையாளங்கள் வரிசை வரிசையாக விழுகின்றன. சாவு வீட்டில் ராத்திரி விழித்திருக்க ஆள் தேடும்போதுதான், அந்தக் கைகளில் எத்தனை உண்மையில் வந்தன என்பது தெரிகிறது. வராதவர்களையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைகூப்பி அனுப்பியவருக்குத் தன் கடமையைச் செய்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. எழுந்து போக வேண்டும் என்ற உந்துதல் அதோடு தணிந்துவிடுகிறது.

குழுவில் இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பாட்டி, தன்னோடு பல வருடம் ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த சிநேகிதியின் மரணத்தை, அடக்கம் முடிந்து இரண்டு நாளைக்குப் பிறகு, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராப் பக்கம் போனபோது தற்செயலாகக் கேள்விப்பட்டார். இடையில் இருந்தது மூன்று லயம். பாட்டியிடம் போன் இல்லை. மகனிடம் இருந்தது, ஆனால் சந்தா விஷயமாக ஏற்பட்ட ஒரு வாய்த்தர்க்கத்தில் அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். வேண்டுமென்று யாரும் மறைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அந்தப் பாட்டி சொன்னதை இங்கே எழுதினால் உங்களால் தாங்க முடியாது, எழுதாமல் விடுகிறேன்.

இதை எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையும் செய்யவில்லை. செய்தி சொல்ல ஆள் அனுப்பும் வழக்கத்தைக் கைவிட்டது நாம், வயதில் மூத்தவர்கள். திருவிழா வரியும் அப்படித்தான். முன்பு கொப்பியும் பேனாவுமாக நாலு பேர் லயத்து அறைகளில், காம்பரா காம்பராவாக, ஏறி இறங்குவார்கள். காசு கொடுக்க முடியாத வீட்டில் அடுத்த சம்பளத்துக்குப் பார்க்கலாம் என்பார்கள். யார் வீட்டில் அடுப்பெரியவில்லை, யாருக்கு இருமல் நிற்கவில்லை, எந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டது என்பதெல்லாம் அந்தச் சுற்றில் சபைக்குத் தெரிந்துவிடும். இப்போது சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம். வெளியில் இருப்பவர்களுக்கு வங்கிக் கணக்கு இலக்கத்தைக் குழுவில் போட்டுவிடுகிறோம். காசு முன்பைவிட ஒழுங்காக வருகிறது என்று பொருளாளர்கள் சொல்வது சரிதான். வீடுகளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

சமூக ஊடகம் மனிதரைத் தனிமைப்படுத்துகிறது என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டதாகக் கூட்டங்களில் சிலர் அடித்துப் பேசுகிறார்கள். ஆய்வுகள் அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் புதிதாக இணையம் பெற்ற 73 வீடுகளைத் தொடர்ந்து கவனித்த ரொபேர்ட் கிரௌட் என்பவரும் அவருடைய குழுவினரும், இணையத்தில் அதிகம் இருந்தவர்கள் வீட்டாரோடு பேசுவது குறைந்தது, தனிமையுணர்வு கூடியது என்று 1998 இல் எழுதினார்கள். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அதே குழு அதே மக்களை மேலும் சில காலம் பார்த்துவிட்டு, அந்தப் பாதிப்புகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்று 2002 இல் எழுதியதைப் பலர் கவனிக்கவில்லை. ஏற்கெனவே உறவும் ஆதரவும் உள்ளவர்களுக்கு இணையம் நன்மை செய்கிறது, அவை குறைந்தவர்களுக்கு அந்த நன்மை கிடைப்பதில்லை என்ற கண்டுபிடிப்பும் அதில் இருந்தது. எங்கள் பாட்டியின் கதையும் அதைத்தான் சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 இல் அமெரிக்காவில் பலருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் முகநூலை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் மிச்சமானது. அந்த நேரத்தில் ஒரு பங்கு குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழிந்தது. இன்னொரு பங்கு தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதில் கழிந்தது. பிள்ளையின் போனை வாங்கி வைத்துவிட்டால் அந்த ஒரு மணித்தியாலத்தில் அவள் எங்கே போவாள்? தோட்டத்தில் அவளுக்காக என்ன இருக்கிறது? தீர்மானம் போடுவதற்கு முன் சபை பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

பழைய ஒற்றுமையைப் பற்றியும் உண்மையைப் பேச வேண்டும். லயத்து வாழ்க்கையின் நெருக்கத்தை நாம் விரும்பித் தேர்ந்துகொள்ளவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை வரிசையாகக் கட்டி, ஒரே கூரையின்கீழ் எங்களை அடைத்தது தோட்ட நிர்வாகம். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுப்பி நிறுத்துவதற்கு அது வசதி. ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் புருஷன் குடித்துவிட்டு அடித்தால் அந்தப்பக்கம் கேட்கும். கேட்டும் பல நேரம் ஒன்றும் நடக்காது. வயதுக்கு வந்த பெண்பிள்ளை உடுப்பு மாற்ற ஒரு மறைவிடம் கிடையாது. நானும் லயத்தில் பிறந்தவள். பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு அம்மாமார் பேசிய பேச்சும் சிரிப்பும் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அதற்காகக் குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிப் போகிறவர்களைப் பார்த்து ஒற்றுமை குலைகிறதே என்று வருந்தவும் மாட்டேன்.

ஆனால் நாம் கூடிய இடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவற்றுக்குப் பதிலாக வேறு இடம் எதையும் நாம் உண்டாக்கவில்லை. முதலில் தொலைக்காட்சி வந்தது. ஒரு வீட்டில் இருந்தபோது லயமே அங்கே கூடியது; வீட்டுக்கு வீடு வந்தபின் மாலையில் இஸ்தோப்பு வெறுமையானது. இளைஞர்கள் கொழும்புக்கு, புறக்கோட்டைக் கடைகளுக்கும் வெள்ளவத்தை ஹோட்டல்களுக்கும் போனார்கள். தேயிலைக் காணியைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுக்கும் வெளியாள் முறை வந்த தோட்டங்களில், ஒரே மலையில் சேர்ந்து நின்று கொழுந்தெடுப்பதே குறைந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகுதான் போன் வந்தது. ஆள் இல்லாத இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

அது வந்ததால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதையும் பாருங்கள். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலருடைய அம்மா குவைத்திலோ சவூதியிலோ கட்டாரிலோ இன்னொருவர் வீட்டில் வேலை செய்கிறார். முந்திய தலைமுறைத் தாய்மார் கடிதம் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று உங்கள் சபைகளிலேயே இருக்கிறார்கள். இப்போதைய தாய், வேலை முடிந்து அறைக்கு வந்ததும் காணொளி அழைப்பில் மகளுடைய பாடக் கொப்பியைப் பார்க்கிறார், தலைமுடியை ஏன் இப்படிப் பின்னினாய் என்று கேட்கிறார், அப்பா குடித்திருக்கிறாரா என்று மெதுவாக விசாரிக்கிறார். அந்தப் பிள்ளை இரவு பதினொரு மணிக்குப் போனும் கையுமாக இருப்பதைப் பார்த்து, இவளுக்கு மனிதரோடு உறவே இல்லை என்று ஒருவர் சொன்னால் அது எவ்வளவு பெரிய அநியாயம்!

கடலுக்கு அந்தப்பக்கம் போன சொந்தங்களையும் மறந்துவிடாதீர்கள். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் 1974 ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் எங்கள் குடும்பங்களை எண்ணிக்கை பேசிப் பிரித்தன. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று வந்தது. ரயிலில் ஏற்றித் தலைமன்னாருக்கு அனுப்பிவைத்தவர்களின் முகவரி ஒரு கட்டத்துக்குப் பிறகு தவறிப்போனது. நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளை, நம்முடைய பேரப்பிள்ளைகள் இன்று முகநூலில் தேடிப் பிடிக்கிறார்கள். தோட்டத்தின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் போட்டுத் தேடுகிறார்கள். அப்படிக் கண்டுபிடித்த இரண்டு கிழவிகள் திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச முடியாமல் அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அரசாங்கங்கள் அறுத்த உறவு அது. அதை மீண்டும் முடிச்சுப் போட்டவர்கள் நீங்கள் குறை சொல்லும் அதே பிள்ளைகள்.

போனால் ஆட்கள் வீட்டைவிட்டு வெளியே வந்ததும் உண்டு. 2018 ஒக்டோபர் 24 ஆம் திகதி, கறுப்பு உடையோடு கொழும்புக் காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கூடினார்கள். தங்கள் தாய் தகப்பனுக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று கேட்டார்கள். சமூக ஊடகங்களில் ஒருவரை ஒருவர் அழைத்துத் திரண்ட கூட்டம் அது. தலைநகரில் தனித்தனியே கடைகளில் நின்று, இரவில் கடையின் மேல்மாடியிலேயே படுத்துக்கொண்டிருந்தவர்கள், தங்களைப்போல் இத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார்கள். ஒரு அழைப்பு ஆளை எழுப்பி வெளியே கொண்டுவந்ததா, அல்லது வெளியே போகாமல் இருப்பதற்குச் சாட்டாக அமைந்ததா என்றுதான் நான் எந்தக் குழுவையும் பார்க்கிறேன். சாவுக்கான வட்ஸ்அப் படம் இரண்டாவது வகையாக மாறிவிட்டது. மாற்றிக்கொள்ள முடியும்.

இதே மலைநாட்டில் திரை செய்த பெரிய அழிவையும் சொல்லாமல் போக முடியாது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்பைப் பரப்பியதில் முகநூலுக்கும் பங்கு இருந்தது. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கியது. முகநூல் நிறுவனம் 2020 இல் அதற்கு வருத்தம் தெரிவித்தது. கடைக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சொல்லை, முகம் தெரியாத இடத்தில் எழுதிவிட முடிகிறது. நம்முடைய குழுக்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் திருவிழாக் கணக்கைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டால், மறுநாள் அவருடைய சாதியும் தொழிற்சங்கமும் இழுக்கப்படுவதை நான் பார்க்கிறேன். அவரைக் குழுவிலிருந்து நீக்கினால் நீக்கியவருக்கு ஒரு விரலசைவு. நீக்கப்பட்டவருக்கோ, தோட்டத்தை விட்டே தள்ளிவைத்த மாதிரி. கணக்குச் சண்டையைக் குழுவில் நடத்த வேண்டாம் என்று சபைத் தலைவர்களை மன்றாடிக் கேட்கிறேன். கேள்வி வந்ததும் நேரில் கூப்பிடுங்கள். கோயில் மண்டபத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, கொப்பியை விரித்துக் காட்டுங்கள். குழுவிலிருந்து ஒருவரை நீக்கும் அதிகாரம் ஒரு தனி ஆளிடம் இருக்கக் கூடாது.

இப்போது பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன், இது எந்தக் கூட்டத்திலும் பேசப்படாத விஷயம். பையன்களுக்கு விளையாட்டு மைதானம் இருக்கிறது. சலூன் இருக்கிறது. பாலத்துக் கட்டு, பஸ் தரிப்பிடம், கடைவாசல் இருக்கின்றன. அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பத்துப் பேராகச் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் நாம் அவளை உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம். பாடசாலை, டியூசன், வீடு. பக்கத்து லயத்துச் சிநேகிதியோடு அந்திநேரத்தில் ரோட்டில் நின்று பேசினால், அவளைக் கண்டவர் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லுகிறார். அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே இஸ்தோப்பு அந்தப் போன்தான். அதையும் பறித்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரோடும் பழகுவதில்லை என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

அந்தப் போனுக்குள்தான் அவளுக்கு ஆபத்தும் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவன் படத்தை வாங்கிவிட்டு மிரட்டினால், அவள் முதலில் பயப்படுவது அவனுக்கு அல்ல, நமக்கு. பேர் கெட்டுப்போகும், படிப்பை நிறுத்திவிடுவார்கள், போனை உடைத்துவிடுவார்கள் என்று நினைத்து வாயைத் திறப்பதில்லை. அவள் வந்து சொல்லக்கூடிய ஒரு அக்காவையோ அத்தையையோ ஒவ்வொரு தோட்டத்திலும் சபை அறிந்து வைத்திருக்க வேண்டும். என்ன நடந்திருந்தாலும் படிப்பு நிற்காது என்று அம்மன் முன்னால் நின்று சபை வாக்குக் கொடுக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாதபடி 2025 டிசம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கே அதைச் செய்யும் பொறுப்பைக் கம்பனிகள் மேல் போட்டிருக்கிறார்கள். பிள்ளையையோ பெற்றோரையோ தண்டிப்பதில்லை. நம்முடைய தீர்மானங்கள் பிள்ளையின் கையைத்தான் பிடிக்கின்றன.

இனிக் கூத்துக்கு வருகிறேன். மாசியில் காமன் நட்டு, மன்மதனைச் சிவன் எரிக்கும் இரவுவரை நடக்கும் காமன் கூத்தை விடியவிடியப் பார்த்தவர்கள் நீங்கள். ரதியாக வேஷம் கட்டுகிறவர் அழும்போது சேர்ந்து அழுத சனம் நம்முடையது. இப்போது அந்த இடத்தில் ஐம்பது போன் மேலே உயர்ந்து நிற்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களுக்கு ரதியின் முகம் தெரிவதில்லை. கனடாவில் ஆய்வாளர்கள், நண்பர்களோடு சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தவர்களில் ஒரு பகுதியினரைப் போனை மேசைமேல் வைத்திருக்கவும் மற்றவர்களை எடுத்து உள்ளே வைக்கவும் சொல்லிப் பார்த்தார்கள். போனை வெளியே வைத்திருந்தவர்களுக்குக் கவனம் சிதறியது, அந்த நேரத்தின் மகிழ்ச்சியும் குறைந்தது. பெரிய வித்தியாசம் அல்ல. ஆனால் கூத்துக்களத்தில் நிற்கும் எவருக்கும் அது உடனே விளங்கும்.

அதற்காகத் தடை போடாதீர்கள். டோஹாவில் இரவு வேலை முடித்துவிட்டு அந்த நேரலையைப் பார்க்கும் ஒருவன், போன வருடம் மன்மதன் வேஷம் கட்டியவனாக இருப்பான். ஒரு பிள்ளையிடம், நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்த பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது, சபை அந்தப் பொறுப்பைக் கொடுக்கட்டும். ஒரு கமரா, ஒரு நேரலை, எல்லாருக்கும் அதுவே போகட்டும். மற்றவர்கள் போனைப் பையில் வைத்துவிட்டுக் கூத்தைப் பார்க்கட்டும். அதோடு வேஷங்களை இளையவர்களுக்குக் கொடுங்கள். ஒரே குடும்பத்துக்கு ஒரே வேஷம் என்று பல தோட்டங்களில் இருக்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள். தப்பு அடிக்கக் கற்க விரும்பும் பிள்ளையிடம், அது எந்தச் சாதிக்காரரின் வேலை என்ற பழைய பேச்சைப் பேசாதீர்கள். ஒத்திகைக்கு வருகிற பையன் அந்த நேரத்தில் டிக்டொக் பார்ப்பதில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலை சரிந்தது, ரோடு உடைந்தது, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் சேர்ந்து அறுந்தன. வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருந்த பிள்ளைகள் ஊர் பெயரைப் போட்டு, என் அம்மாவைக் கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று முகநூலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல வேண்டியவர்களின் போன் செத்துக் கிடந்தது. அந்த இருட்டில், எந்தக் காம்பராவில் நடக்க முடியாத தாத்தா படுத்திருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதப் பெண் இருக்கிறாள் என்பதை அறிந்திருந்தவர்கள் பக்கத்து வீட்டார் மட்டும்தான். வீடு வீடாகப் போய் வந்துகொண்டிருந்த தோட்டத்தில் அது பலருக்குத் தெரியும். இப்படியொரு மழை இனி வராது என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது.

ஆகவே நான் கேட்பவை சின்ன விஷயங்கள், செலவும் அதிகம் இல்லை. சாவுச் செய்தியை வெளியூரில் இருப்பவர்களுக்குக் குழுவில் போடுங்கள். தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு ஆள் போகட்டும். லயத்துக்கு ஒருவரை, ஆணும் பெண்ணுமாக, இளையவர்களாகப் பார்த்து நியமியுங்கள். அப்படிப் போய்ச் சொல்லும் பிள்ளை, ஒரு சாவு வீட்டில் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்பதைப் போகப்போகக் கற்றுக்கொள்ளும். அதை நான் வகுப்பறையில் கற்பிக்க முடியாது. திருவிழா வரி எப்படி வந்தாலும் வரட்டும், வருடத்தில் ஒரு முறையாவது சபையார் எல்லாக் காம்பராவுக்கும் ஏறி இறங்குங்கள், தனி வீடுகளுக்கும் போங்கள். பூட்டியே கிடக்கும் வாசிகசாலையின் சாவியை வாரத்தில் இரண்டு மாலையாவது பெண்பிள்ளைகளிடம் கொடுங்கள். அங்கே அவர்கள் புத்தகம் வாசிக்க வேண்டும், தையல் பழக வேண்டும் என்று ஒன்றும் சொல்லாதீர்கள். உட்கார்ந்து பேசட்டும். போனைப் பார்த்துச் சிரிக்கட்டும். சிரிக்கும்போது பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள்.

இளையவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தம்பி, தங்கச்சி, உங்கள் லயத்தில் போன் இல்லாமல் இருக்கும் பெரியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். குழுவில் வருவதை அவருக்குப் போய்ச் சொல்லுங்கள். நல்லதோ கெட்டதோ, நடந்து போய்ச் சொல்லுங்கள். அவர் உங்களைச் சீக்கிரம் விடமாட்டார், பழைய கதையெல்லாம் எடுப்பார். கொஞ்சநேரம் இருந்து கேளுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில், பிள்ளைகளின் போனைப் பற்றிய தீர்மானத்துக்கு முன்னால் இந்த விஷயங்களை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வையுங்கள், காலையில் வைத்தால் பெண்கள் துணியும் சமையலுமாக நிற்பார்கள். கூட்டம் நடப்பதை வட்ஸ்அப்பில் மட்டும் போடாமல் வீடு வீடாகச் சொல்லி அழையுங்கள். எங்கள் பகுதித் தோட்டம் எதில் கூப்பிட்டாலும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை,
ஹட்டன்.